கட்டில் சத்தமும் கீழ் வீட்டுத் தூக்கமும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



வங்கியில் கணக்கு எழுதியவன் கட்டிலைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு லிஃப்டில் கீழ் வீட்டு அம்மா, "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க எழுந்திருக்கிறது எங்களுக்குத் தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அவர் கணவர், என் கட்டில் 'கிறீச்' என்றதும் விழித்துக்கொள்கிறாராம். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம்" என்றான் மகன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அது எங்கள் கல்யாணத்துக்கு அவர் அப்பா செய்து கொடுத்த தேக்குக் கட்டில்.

வங்கியில் ஒரு ரூபாய் உதைத்தாலும், எங்கே என்று பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். இதற்கும் அதே முறைதான். மெத்தையை எடுத்துவிட்டு ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பாருங்கள். என் கட்டிலில் தலைமாட்டு இடது மூலை போல்ட் தளர்ந்திருந்தது. வாஷர் போட்டு முடுக்கினேன். குறுக்குப் பலகைகள் சட்டத்தில் உரசும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். ஒரு மணி நேர வேலை. மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆகவே வருஷத்துக்கு இருமுறை போல்ட்டுகளை முடுக்கிப் பார்ப்பது நல்லது.

நாற்காலிக் கால் ஆடினால் உடனே ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பசை தடவி, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு நாள் யாரும் உட்காரக் கூடாது. கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்காகித் தூசி பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மரம் உளுத்திருந்தால் மட்டும் தச்சரைக் கூப்பிடுங்கள். அது நம் கைக்கு அடங்காது.

நாற்காலி, மேஜைக் கால்களுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். நம் தரைதான் கீழ் வீட்டுக்குக் கூரை என்பது எனக்கே இத்தனை நாள் கழித்துத்தான் உறைத்தது.

போன வாரம் அதே அம்மாவை லிஃப்டில் பார்த்தேன். "என்ன சார், ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டார்.