இரண்டு பாடம் அறிந்த உபாத்தியாயர்

(தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



அமெரிக்கா என்றதும் ஆகாயத்தை எட்டும் கட்டிடங்கள்தான் நம் நினைவுக்கு வரும். அங்கேயும் கிராமங்கள் உண்டு. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் உபாத்தியாயர் கிடைக்காமல் தவிக்கும் பள்ளிகளும் உண்டு.

காரணம் என்ன? அங்கே பள்ளிக்கூடச் செலவில் ஒரு பெரிய பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரி, நில வரியிலிருந்து வருகிறது. பணக்கார வட்டாரத்தில் வரி மிகுதி, சம்பளமும் மிகுதி. ஏழை வட்டாரத்தில் இரண்டும் குறைவு. கணக்குப் படித்தவர்களைக் கம்பெனிகள் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்கின்றன. பிறகு கிராமத்துப் பள்ளிக்கு யார் போவார்?

இன்னொரு சிக்கலும் உண்டு. உபாத்தியாயருக்கு மாநில சர்க்கார் பாடவாரியாக லைசென்ஸ் தருகிறது. சிறிய பள்ளியில் கணக்குக்கு ஒருவர், ரசாயனத்துக்கு ஒருவர் என்று வைக்கப் பிள்ளைகள் போதாது. தான் கற்காத பாடத்தையும் ஒருவரே நடத்தவேண்டி வருகிறது. ஆகவேதான் சில கல்லூரிகள் ஒரே மாணவரை இரண்டு பாடங்களிலும் பயிற்றி, இரண்டுக்கும் லைசென்ஸ் பெறச் செய்கின்றன.

மில் தோழர்கள் கேட்பீர்கள்: "இரண்டு சைடு பார்த்தவனை நாலு சைடு பார்க்கச் சொன்ன கதையா இது?" நியாயமான கேள்வி. இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் அது வேலைப்பளுதான், எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு ஆளுக்கு வேலையே இல்லாத பள்ளியில், இருக்கும் ஒருவர் இரண்டையும் கற்றவராக இருப்பது பிள்ளைகளுக்கு நல்லது. அதற்காக அவருடைய வேலை நேரம் கூடக்கூடாது. பயிற்சிச் செலவும் அவர் மேல் விழக்கூடாது.

செலவுக்கு 2002இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அயோவா மாநிலத்துச் சிற்றூரில் வளர்ந்து, 1968இல் இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் பெயரால் உதவித்தொகை ஏற்பட்டது. ஓர் ஆண்டு உதவி பெற்றால், தேவை மிகுந்த வட்டாரத்தில் இரண்டு ஆண்டு பாடம் நடத்தவேண்டும். நடத்தாவிட்டால் அந்தப் பணம் கடனாகிவிடும், திருப்பிக் கட்டவேண்டும்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு முன்பணத்தின் குணம் தெரியும். கடனைக் காட்டி ஆளை நிறுத்தலாம். கெடு முடிந்த மறுநாள் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். நல்ல சம்பளம், குடியிருக்க வீடு, சந்தேகம் கேட்க அனுபவமுள்ள ஒரு மூத்த உபாத்தியாயர் இவை இருந்தால்தான் நிலைப்பார். வரிப்பணத்தில் உள்ள அநீதி தீராமல் உதவித்தொகை மட்டும் இந்தக் குறையைத் தீர்க்காது.

தோழர்களே, வட்டாரம் ஏழையாக இருப்பது பிள்ளைகளின் குற்றமல்ல. பாடம் தெரிந்த உபாத்தியாயர் அவர்களுக்கு யாரும் போடும் பிச்சையல்ல, உரிமை!