கொள்ளை நோய்க்குப் பின் முதியோர் பராமரிப்பு: இங்கிலாந்து தரும் பாடம்

(யூபிலிக் கருத்தரங்கில் முதியோர் பணிக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

யூபிலி மேடையில் இங்கிலாந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இரண்டு உண்டு. 2020-ஆம் ஆண்டில் வந்த கோவிட் கொள்ளை நோயின்போது நேர்ந்தவற்றை அந்நாட்டார் எண்ணிக் கணக்கெடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள், தவறுகளையும் மறைக்கவில்லை. மேலும், அங்குள்ள முதியவர்களைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், கைபிடித்து நடத்தவும் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் கடல் கடந்து சென்றிருக்கிறார்கள். ஆகவே அது முற்றிலும் அயலார் கதையன்று.

அங்கே மருத்துவம் வேறு, பராமரிப்பு வேறு. மருத்துவமனையில் கட்டணமில்லை. ஆனால் தள்ளாத முதியோருக்கும், உடற்குறை உள்ளோருக்கும், மனவளர்ச்சி குன்றியோருக்கும் அன்றாடம் செய்யவேண்டிய உதவி உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளது. 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இக்கடமையை விதிக்கிறது. எனினும் சொத்துக் கணக்குப் பார்த்தே உதவி தரப்படும். 23,250 பவுனுக்கு மேல் சேமிப்பு உள்ளவர் பொதுவாகத் தம் செலவைத் தாமே ஏற்க வேண்டும்.

நோய் பரவியபோது நடந்தது என்ன? மருத்துவமனைகளில் படுக்கைகளைக் காலி செய்ய வேண்டுமென்று 2020 மார்ச் மாதத்தில் உத்தரவாயிற்று. மார்ச் 17 முதல் ஏப்ரல் 15 வரை ஏறத்தாழ 25,000 பேர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். அனைவரையும் சோதித்த பின்பே அனுப்புவது என்ற முடிவு ஏப்ரல் மத்தியில்தான் வந்தது. 2022 ஜனவரிக்குள் இங்கிலாந்திலும் வேல்சிலும் இல்லவாசிகள் 45,000-க்கும் மேற்பட்டோர் கோவிட் தொடர்பாக மாண்டனர். அறிகுறியின்றியும் நோய் பரவலாம் என்ற ஆபத்தைக் கருதாமல் அனுப்பியது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2022 ஏப்ரல் 27-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உயிர் பிழைத்தோரின் துயரம் வேறு வகையானது. இல்லங்களின் கதவுகள் அடைபட்டன. பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று தாயைப் பார்த்தார்கள். 2021 மார்ச் 8-ஆம் நாள் முதல் ஒரே ஓர் உறவினர் உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அப்போதும் கட்டித் தழுவக் கூடாது. பகல்நேர நிலையங்களும் மூடப்பட்டன. அவற்றுள் சில மீண்டும் திறக்கப்படவேயில்லை.

அன்பர்களே, நோய் தணிந்தபின் பராமரிப்பை எவ்வாறு சீரமைப்பது? பழைய கதவுகளைத் திறந்துவிட்டால் போதுமென்று எண்ணுவது இயல்பே. ஆனால் அது போதாது என்பதே அங்கு கிடைத்த பாடம். கட்டடத்தைவிட முதலில் மனிதரைக் கணக்கிட வேண்டும். அக்கணக்கு மூன்று வகைப்படும்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியாமல் போனவர்களின் கணக்கு. மாதக்கணக்கில் நாற்காலியிலேயே இருந்த முதியவருக்குக் கால்வலிமை குறைந்துவிடுகிறது. முன்பு தாமே சமைத்தவர் இப்போது அடுப்படிவரை போக இயலாது. ஆனால் அதிகாரிகளிடம் இருப்பதோ அவருடைய பழைய விவரம். உதவி கேட்டு வந்தவர்களை மட்டும் எண்ணினால், அச்சத்தாலும் கூச்சத்தாலும் கேளாமல் இருப்பவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஆகவே நல்ல திட்டம் ஒவ்வொரு வாசலையும் தட்டுவதில் தொடங்கும்.

இரண்டாவது, பணியாளர்களின் கணக்கு. 2021-22-இல் இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் ஏறத்தாழ 1,65,000 இடங்கள் ஆளின்றிக் கிடந்தன. பணியாளர்கள் களைத்துப் போயிருந்தார்கள். கூலியோ குறைவு, கடையிலும் கிடங்கிலும் அதற்கு ஈடாகவோ கூடுதலாகவோ கிடைத்தது. அரசாங்கம் 2022 பிப்ரவரியில் அயல்நாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு விசா வழி திறந்தது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சென்றனர். 2024-25-இல் காலியிடங்கள் 1,11,000 அளவுக்குக் குறைந்தன. ஆனால் தரகர்களிடம் பெருந்தொகை கொடுத்துப் போய், அங்கே வேலையின்றித் தவித்தவர்களும் உண்டு. 2024 மார்ச் முதல் புதிதாகச் செல்வோர் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லத் தடை வந்தது. 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுக்கும் வழியும் அடைபட்டது. கூலியையும் மதிப்பையும் உயர்த்தாமல் பிறநாட்டாரைக் கொண்டு இடைவெளியை நிரப்பினால், அந்த நிறைவு நிலைப்பது அரிது.

மூன்றாவது, வீட்டிலேயே பணிவிடை செய்வோரின் கணக்கு. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் ஊதியமின்றி உறவினரையோ அயலாரையோ பராமரிப்பதாக 2021 மக்கட்தொகைக் கணக்கு கூறுகிறது. பகல்நேர நிலையம் மூடியதும் அந்த முழுப் பாரமும் விழுந்தது இவர்கள் தோளில்தான். வாரத்தில் ஒருநாள் ஓய்வு இவர்களுக்கு ஆடம்பரமன்று. இவர்கள் படுத்துவிட்டால் இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவார்கள் அல்லவா?

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021 செப்டம்பரில் தனி வரி ஒன்று அறிவிக்கப்பட்டு, மூன்றாண்டுகளில் 540 கோடி பவுன் பராமரிப்புக்கு என்றார்கள். ஒருவர் தம் வாழ்நாளில் இதற்குச் செலவிடுவது 86,000 பவுனுக்கு மேற்படாது என்றும் உறுதி கூறினார்கள். அடுத்த ஆண்டே வரி கைவிடப்பட்டது. செலவு வரம்புத் திட்டமும் ஒத்திவைக்கப்பட்டு, 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. 2025-இல் மீண்டும் ஓர் ஆணைக்குழு பணியைத் தொடங்கிற்று. திட்டம் தள்ளிப்போகலாம், முதுமை யாருக்கும் தள்ளிப்போவதில்லை. எனினும் நற்பலன் ஒன்றும் விளைந்தது. இல்லத்தில் இருப்போரை உற்றார் சந்திக்க வழி செய்வது இல்லங்களின் கடமை என்று 2024 ஏப்ரல் முதல் விதியாயிற்று.

இனி நம்மைப் பார்ப்போம். நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைத்திருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பூட்டிய கதவுக்குள் தனித்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர்? மற்றவர் பெற்றோரைப் பேண நம் பிள்ளைகள் போயிருக்க, இங்கே அவர்களுடைய பெற்றோரைப் பேணுவது யார்?

ஆதலால் இந்த யூபிலி ஆண்டில் எங்கள் குழு வேண்டுவது ஒன்றே. ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு குறிப்பேடு வைப்போம். தனித்து வாழ்பவர் யார், நடக்க இயலாதவர் யார், அவருக்குத் துணை யார், அத்துணைவர் நோயுற்றால் மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுபோவது யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுவோம். அவரவர் ஒப்புதலோடு எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடுதோறும் சென்று சரிபார்ப்போம். பணிவிடை செய்து களைத்த மகளுக்கும் மருமகளுக்கும் வாரத்தில் ஒரு பிற்பகலாவது ஓய்வு கிடைக்கும்படி முறைவைத்து உதவுவோம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை.

இன்னொரு கொள்ளை நோய் என்று வருமென்று யாரும் அறியோம். வரும் நாளில் நம் கையில் அந்தக் குறிப்பேடு இருக்கட்டும். அதில் ஒரு பெயரும் விடுபடாதிருக்கட்டும்.