சுமந்தவள் யார், பெற்றவள் யார்?

(ராபர்ட்சன்பேட்டையில் நடைபெற்ற அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இந்தத் தடவை ஏதாவது விஞ்ஞான விஷயமாகப் பேசுங்கோ" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்து ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பிறகு சர்க்கார் கோப்புகளோடுதான் வாழ்க்கை. ஆனாலும் சமீபத்தில் பழைய பாடப் புஸ்தகத்தைத் தேடி எடுக்கும்படியான ஒரு சந்தர்ப்பம் எங்கள் குடும்பத்தில் வந்தது. அதைப் பற்றியே பேசுகிறேன். வாடகைத்தாய் மூலம் பிறக்கும் குழந்தைக்கு யாரோடு என்ன உறவு? இதுதான் விஷயம்.

என் தங்கை பெண் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா சுரங்கக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தார். கல்யாணமாகி அவள் பெங்களூரில் இருக்கிறாள். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. ரத்தப்போக்கு நிற்காமல், உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. சினைப்பைகள் நன்றாக இருந்தன. அதாவது, அவளிடம் முட்டை உண்டு. வளர்க்க இடம் இல்லை.

அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி. சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் வளர்ந்த பெண், தகப்பனார் சுரங்கத்தில் இறங்கியவர். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அவள் தானாகவே, "உன் குழந்தையை நான் சுமக்கிறேன்" என்று முன்வந்தாள். என் தங்கை இதை டெலிபோனில் சொன்னபோது, நான் யோசிக்காமல், "அது சரி, அந்தப் பெண்ணோட ரத்தம்தானே குழந்தைக்கு ஓடும்?" என்று கேட்டுவிட்டேன். நான் என்ன மனதில் வைத்துக் கேட்டேன் என்று உங்களுக்குப் புரியும். என் தங்கை பேசவில்லை. டெலிபோனை வாங்கிய மருமாள், "மாமா, மெண்டலோட பட்டாணிச் செடியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே! நீங்களா இப்படிக் கேட்கறேள்?" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

நம் உடம்பின் பெரும்பாலான வகைச் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தகப்பனுடைய விந்தணுவிலிருந்தும், மற்றொன்று தாயின் முட்டையிலிருந்தும் வந்தது. ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் இவற்றில் அடக்கம். முட்டையும் விந்தணுவும் சேரும் அந்த நிமிஷத்திலேயே இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. சோதனைக் கூடத்தில் அப்படிச் சேர்த்து உண்டாக்கிய கருவை, சில நாட்கள் கழித்துத்தான் இன்னொரு பெண்ணின் கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு மரபணு கூடக் கணக்கில் சேராது.

மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. செல்லுக்குச் சக்தி தரும் அடுப்பு மாதிரி. அதற்குத் தனியாக 37 மரபணுக்கள். அவை தாய் வழியாகவே வரும். ஆனால் அதுவும் முட்டைக்குள் இருந்து வருவதுதான். சுமப்பவளிடமிருந்து அல்ல.

ரத்தம் என்றேனே, அதுவும் தப்பு. நஞ்சில் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் அருகருகே ஓடுகின்றன, கலந்து ஒன்றாவதில்லை. நடுவில் மெல்லிய திரை இருக்கிறது. பிராணவாயுவும் சத்துப் பொருள்களும் அதன் வழியாகப் போகும். குழந்தையின் ரத்தத்தைக் குழந்தையே உண்டாக்கிக் கொள்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். 'ஓ' குரூப் தாய்க்கு சாதாரணமாக 'ஏபி' குரூப் குழந்தை பிறக்காது. ஏனென்றால் அவளிடம் கொடுப்பதற்கு ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. ஆனால் பிறர் கருவைச் சுமக்கும் 'ஓ' குரூப் பெண்ணுக்கு 'ஏபி' குழந்தை பிறக்கலாம். முட்டை கொடுத்தவளின் குரூப்பும் தகப்பன் குரூப்புமே அதைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் சுமப்பவள் வெறும் பாத்திரமா? இல்லவே இல்லை. நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தையின் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும், ரத்தத்திற்கு இரும்புச் சத்தும் அவள் உடம்பிலிருந்து போகின்றன. பிறந்த முதல் சில மாதங்கள் குழந்தையை நோயிலிருந்து காக்கும் எதிர்ப்புப் பொருள்கள் அவள் கொடுத்தவை. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து தேசத்தில் யுத்தத்தால் கடும் பஞ்சம். அப்போது கருவில் உருவானவர்களை அறுபது வருஷங்கள் கழித்துப் பரிசோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மரபணுவின் எழுத்து மாறவில்லை. ஆனால் வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவை அடக்கி வைக்கும் ரசாயன முத்திரைகளில் வித்தியாசம் தெரிந்தது. எழுத்து முட்டையில் வருகிறது. எந்த எழுத்தை எவ்வளவு உரக்கப் படிப்பது என்பதில் கர்ப்பப்பைக்கும் பங்கு உண்டு.

இன்னொரு அதிசயம். கர்ப்ப காலத்தில் குழந்தையின் செல்கள் சில தாயின் ரத்தத்தில் போய்த் தங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் டயானா பியாங்கி என்ற டாக்டரின் குழு 1996-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆண் குழந்தை பெற்று 27 வருஷங்கள் ஆன ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஆண் செல்கள் தென்பட்டன. ஆகவே, என் மருமாளின் குழந்தைக்குத் தோழியின் மரபணு வரவில்லை. தோழியின் உடம்பில்தான் அந்தக் குழந்தையின் அடையாளம் பல காலம் தங்கியிருக்கக் கூடும். நான் கேட்ட கேள்வி தலைகீழ் என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லாச் சமயத்திலும் கணக்கு இவ்வளவு எளிதாக இருக்காது. 2008-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஜப்பானியத் தம்பதிகள் குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரில் ஏற்பாடு செய்தார்கள். விந்தணு கணவருடையது. முட்டை, பெயர் வெளியிடாத ஒரு பெண்ணுடையது. சுமந்தவள் மூன்றாவது பெண். குழந்தை பிறப்பதற்கு முன்பே தம்பதிகளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. ஜூலையில் பெண் குழந்தை பிறந்தபோது, தாய் என்று சொல்லத்தக்கவர்கள் மூன்று பேர். எடுத்துக்கொள்ள ஒருவர் கூட இல்லை. ஜப்பானிலிருந்து பாட்டி வந்து பார்த்துக்கொண்டாள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், அதன் பிறகே குழந்தை ஊர் போய்ச் சேர்ந்தது. அப்போது இதற்கென்று நம் நாட்டில் சட்டமே கிடையாது.

இன்று சட்டம் இருக்கிறது. 2021-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் அமலில் உள்ளது. சுமப்பவள் கல்யாணமாகிச் சொந்தக் குழந்தை பெற்றவளாக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரு தடவைதான் சுமக்கலாம். தன் முட்டையைக் கொடுத்துத் தானே சுமக்கக் கூடாது. பணம் வாங்கக் கூடாது. வைத்தியச் செலவும் 36 மாத இன்ஷூரன்ஸும் தம்பதிகள் பொறுப்பு. ஜில்லா மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் வேண்டும். குழந்தை யாருடையது என்று முதல் வகுப்பு மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் முன்கூட்டியே உத்தரவும் பெற வேண்டும். மாற்றார் முட்டை விஷயத்தில் 2023 மார்ச்சில் தடை வந்து, 2024 பிப்ரவரியில் தளர்த்தினார்கள். போர்டு சம்மதித்தால், தம்பதிகளில் ஒருவருடைய அணுவாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, மற்றொன்றை வெளியிலிருந்து பெறலாம்.

"ஒரே ஆளுடைய அணு பல வீடுகளுக்குப் போய், பிற்காலத்தில் அண்ணன் தங்கைக்கே தெரியாமல் கல்யாணம் ஆகிவிடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கவலை. அதே 2021-ல் வந்த இன்னொரு சட்டம், ஒருவருடைய விந்தணுவையோ முட்டையையோ ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறது.

நம்மவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி கோத்திரம். கோத்திரம் தகப்பன் வழி என்பதால் இந்தக் குழந்தைக்குச் சிக்கலே இல்லை. அதற்கு மேலும் ஒன்று சொல்வேன். நம் குடும்பங்களில் ஸ்வீகாரம் காலம் காலமாக உண்டு. ஸ்வீகாரம் வந்த பிள்ளை, எடுத்துக்கொண்டவர் கோத்திரத்தைச் சொல்லி அபிவாதயே செய்கிறான், சிரார்த்தம் செய்கிறான். குழந்தை நம்முடையது என்று சொல்வதற்கு ரத்தம் ஒன்றே பிரமாணம் என்று நம் பெரியவர்கள் வைக்கவில்லை. பலராமன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தேவகியின் கர்ப்பத்தில் உண்டாகி ரோகிணியின் கர்ப்பத்தில் வளர்ந்தான். அதனால்தான் ஸங்கர்ஷணன் என்று பெயர். அந்தக் காலத்திலேயே இந்த வைத்தியம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேரையும் தாய் என்று சொல்ல அந்தக் கதைக்குத் தயக்கமில்லை என்கிறேன். தீட்டு யாருக்கு, எத்தனை நாள் என்பதை அவரவர் வாத்தியாரைக் கேளுங்கள். அது என் பாடமல்ல.

சட்டம் வருவதற்கு முன்பே நம் சென்னை ஹைகோர்ட் ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. துறைமுகக் கழகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, வளர்ந்த மகனை இழந்தவர், இந்த முறையில் ஒரு பெண் குழந்தை பெற்றார். பிரசவித்தது அவரல்ல என்று லீவு மறுக்கப்பட்டது. 2013 மார்ச்சில் நீதிபதி சந்துரு, தத்தெடுக்கும் தாய்க்கு உள்ள லீவு இவருக்கும் உண்டு என்றார். 2024 ஜூனில் மத்திய சர்க்கார் லீவு விதிகளையே திருத்தினார்கள். சுமக்கும் பெண், குழந்தையைப் பெறும் தாய் இருவருமே அரசு ஊழியர்களாக இருந்தால் இருவருக்கும் 180 நாள் வரை உண்டு. லீவு விதிகளோடு மன்றாடியே காலம் கழித்தவன் நான். ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்களுக்கு லீவு என்பதைப் படித்தபோது, என் புஸ்தகம் சொன்னதைத்தான் விதியும் சொல்கிறது என்று தோன்றிற்று.

கடைசியாக, அந்தத் தோழியைப் பற்றி. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபோது இந்த ஊர்க் குடும்பங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அவள் தகப்பனாரும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தவர்தான். பணத்துக்காக உடம்பை வாடகைக்கு விடும் நிலை ஏழைப் பெண்களுக்கு வரக் கூடாது என்று சட்டம் பணத்தைத் தடுத்திருக்கிறது. இவள் ஒரு பைசா கேட்கவில்லை. "நீ அந்தக் காலத்தில் டிபன் பாக்ஸைப் பாதி கொடுத்தாயே" என்றாளாம். இப்படிப்பட்டவளை 'வாடகை' என்ற வார்த்தையால் சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. சுமந்த தாய் என்றே சொல்கிறேன்.

2024-ல் பெண் குழந்தை பிறந்தது. முகம் அச்சாக என் தங்கை மாதிரி. புண்யாஹவாசனத்தன்று தோழி குடும்பத்தோடு வந்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பேர், நான் டெலிபோனில் கேட்ட அதே கேள்வியைத் தங்களுக்குள் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்கள். அது அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் எழுந்து போகவில்லை, முகம் மட்டும் வாடிற்று. அன்றைக்கே இதைப் பற்றி நாலு பேர் முன் பேச வேண்டும் என்று தீர்மானித்தேன். அவளிடம் என் தப்பையும் ஒப்புக்கொண்டேன். "பரவாயில்லை மாமா, எங்க அம்மாவும் அதையேதான் கேட்டாங்க" என்று சிரித்தாள்.

குழந்தைக்கு விவரம் தெரிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக என் மருமாளும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருக்கிறார்கள். அது சரியான முடிவு. பிறர் வாயால் தெரிவதற்கு முன் பெற்றோர் வாயால் தெரிய வேண்டும்.

நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறோம். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு குழந்தை வரலாம். வந்தால், யார் ரத்தம் என்று கேட்காதீர்கள். சுமந்தவள் சௌக்கியமாக இருக்கிறாளா என்று கேளுங்கள்.