தம்பிக்கு ஒரு பயிற்சி நூல்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் ஆம்பூரிலுள்ள என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர் மகனுக்கு அப்போது வயது பத்து. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேரவேண்டும் என்பது அவன் ஆசை. நுழைவுத் தேர்வுக்கென்று நான் வாங்கி அனுப்பிய பயிற்சி நூல்கள் ஐந்தும் மேசைமேல் கிடந்தன. முதல் நூலில் இருபது பக்கங்களே புரண்டிருந்தன. "மாமா, எனக்குக் கணக்கு வராது" என்றான் சிறுவன். அதுவரை கணக்கை விளையாட்டாகவே போட்டு வந்தவன் அவன்! குற்றம் அவனுடையதன்று, ஆராயாமல் நூல் வாங்கிய என்னுடையது.

அவன் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணியாற்றுபவர். இன்று அங்கே குரோமிய உப்பு முறை பெருகிவிட்டது. ஆயினும் பழைய ஆவாரம்பட்டை முறையைத் தம் தந்தையிடம் கேட்டறிந்தவர் அவர். "தம்பி, தோலை முதல் நாளே கடுமையான பட்டைச் சாற்றில் இடமாட்டார்கள். இட்டால் மேற்புறம் இறுகிப்போகும். சாறு உள்ளே இறங்காது. நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். மெலிந்த சாற்றில் தொடங்கிப் படிப்படியாக வலிய சாற்றுக்கு மாற்றவேண்டும்" என்றார். நான் சிறுவனை முதல் நாளே கடுஞ்சாற்றில் அமிழ்த்திவிட்டேன் என்பது விளங்கிற்று.

மறுநாள் நூல்களை முறையாக ஆராய்ந்தோம். முதலில், தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தகவல் கையேட்டைப் படித்தோம். ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு மொத்தம் 300 மதிப்பெண்கள். அவற்றுள் 150 கணக்குக்கு உரியவை. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு ஆகிய மூன்றுக்கும் தலைக்கு 50. பாதிப் பக்கங்களைப் பொது அறிவால் நிரப்பிய நூல் இத்தேர்வுக்குப் பொருந்துமா? மேலும், இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம், உருதுவிலும் எழுதலாம். பிள்ளை எந்த மொழியில் எழுதுவானோ அந்த மொழியிலேயே நூலும் இருத்தல் வேண்டும். நான் வாங்கியவற்றுள் மூன்று ஆங்கில நூல்கள்!

அடுத்து, இடையிடையே ஐந்து கணக்குகளை நாங்களே போட்டு, நூலிலுள்ள விடையோடு ஒப்பிட்டோம். தவறான விடை தரும் நூல், சரியாகப் போட்ட குழந்தையையும் தன்மேல் ஐயம் கொள்ளச் செய்யும். விடையை மட்டும் தந்து வழியைக் காட்டாத நூலும் தனியே பயிலும் பிள்ளைக்குப் பயன்படாது.

இறுதியாக, சிறுவனையே பத்துக் கணக்குகள் போடச் சொன்னோம். ஆறேழு எளிதாக வந்து, மற்றவை சற்றே சிந்திக்க வைத்தால், அதுவே தொடங்குதற்கு ஏற்ற நூல். எஞ்சியது ஒரே நூல். அதற்கும் முன்னதாக ஐந்தாம் வகுப்புப் பாடநூலை முடித்தான். தேர்வு நெருங்கியபோதுதான் பழைய வினாத்தாளைக் கடிகாரம் பார்த்து எழுதினான்.

அவனுக்கு அப்பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. ஆனால், "கணக்கு வராது" என்ற சொல் பின்னர் அவன் வாயில் எழவில்லை. இடம் ஒரு பள்ளியில் இல்லையேல் மற்றொன்றில் வாய்க்கும். இழந்த துணிவை மீட்பது எளிதன்று.

நண்பர்களே, உங்கள் தம்பி தங்கையருக்கு நூல் வாங்கும் பொறுப்பு நாளை உங்களிடமே வரக்கூடும். நூலின் பருமனைப் பாராதீர்கள். அதைப் பயிலும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.