கறுப்புப் பாயும் வெள்ளைப் பாயும்: பிள்ளைகளின் கையில் கிரேக்கப் புராணம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



பள்ளி விடுமுறையில் பிள்ளை ஒரு கப்பல் செய்து கொண்டுவந்து காட்டுகிறது. "என்ன கப்பல் இது?" என்று அம்மா கேட்கிறார். "கிரேக்கக் கப்பல்" என்று பதில் வருகிறது. "அதில் யார் போனார்கள்? எதற்குப் போனார்கள்?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. கப்பல் அழகாக இருக்கிறது. வர்ணமும் நன்றாக இருக்கிறது. ஆனால் கதை அதில் ஏறவே இல்லை.

கைவினை மூலம் புராணம் கற்பிப்பதில் உள்ள சிக்கல் இதுதான். பசையும் கத்தரிக்கோலும் நேரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கதை கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. இதை எப்படி மாற்றுவது என்பதே இன்றைய உரையின் நோக்கம்.

கிரேக்கப் புராணம் நம் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. 2005-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய பெர்சி ஜாக்சன் நாவல்கள், அவற்றின் திரைப்படங்கள், கணினி விளையாட்டுகள் வழியாக ஜீயஸ், போசைடன், மெடூசா ஆகிய பெயர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. சங்க இலக்கியம் 'யவனர்' என்று குறிப்பிடும் மேற்கத்தியரில் கிரேக்கரும் அடங்குவர். அந்த மக்கள் சொன்ன கதைகளைப் பிள்ளைகள் முறையாகத் தெரிந்துகொள்வது நல்லதுதானே?

கைத்தொழில் தெரிந்த தெய்வங்கள்

கிரேக்கப் புராணத்துக்குக் கைவினை வெளியிலிருந்து ஒட்ட வைத்த பொருள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதைகளுக்குள்ளேயே கொல்லரும் நெசவாளரும் தச்சரும் நிறைந்திருக்கிறார்கள். ஹெஃபைஸ்டஸ் உலைக்களத்தில் வேலை செய்யும் தெய்வம். ஞானத்தின் தெய்வமான அதீனாவே நெசவுக்கும் தெய்வம். டெடலஸ் ஒரு கைவினைஞன்.

பண்டைய ஏதென்ஸ் நகரில் அதீனாவுக்கு ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது பெருவிழாவாக நடந்தது. அதில் தெய்வத்துக்குப் புதிய ஆடை சாத்துவார்கள். ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு முன்பே அதற்கான நெசவு தொடங்கிவிடும். தறியில் பாவு ஏற்றும் சடங்கில், ஏழு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்குப் பங்கு இருந்தது. தெய்வங்களுக்கும் பூதங்களுக்கும் நடந்த போர் அந்த ஆடையில் சித்திரமாக நெய்யப்பட்டது. எண்ணிப் பாருங்கள். ஏதென்ஸ் சிறுமிகள் புராணத்தைக் காதால் கேட்டார்கள், அதோடு கையாலும் நெய்தார்கள். இன்றும் கிரேக்க நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் புராணக் கதைகளில் இருந்துதான் தொடங்குகிறது.

கதையின் திருப்பம் எங்கே?

எந்தக் கதையை எடுத்தாலும் பெற்றோர் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கதை திரும்பும் இடம் எது? பிள்ளை செய்யும் பொருளில் அந்த இடம் இருக்க வேண்டும்.

தீசியஸ் கதையைப் பாருங்கள். கிரீட் தீவின் மன்னன் மைனோஸ், ஏதென்ஸ் நகரிடம் கொடிய கப்பம் கேட்கிறான். ஏழு இளைஞர்களும் ஏழு கன்னியரும் அனுப்பப்பட வேண்டும். மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோட்டாருக்கு அவர்கள் இரை. இளவரசன் தீசியஸ் தானே அவர்களோடு புறப்படுகிறான். கப்பலில் கட்டியிருப்பது துக்கத்தின் அடையாளமான கறுப்புப் பாய். "உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாயைக் கட்டி வா" என்கிறார் தந்தை ஏஜியஸ். தீசியஸ் வென்றுதான் திரும்புகிறான். ஆனால் பாயை மாற்ற மறந்துவிடுகிறான். தூரத்தில் கறுப்பைக் கண்ட கிழவர் மகன் மாண்டான் என்று நம்பி உயிரை விடுகிறார். அவர் பெயரால்தான் அந்தக் கடல் ஏஜியன் கடல் என்று அழைக்கப்படுகிறது என்பது கதை.

இப்போது கப்பலுக்கு வருவோம். பால் பெட்டியை நீளவாக்கில் வெட்டினால் கப்பல் தயார். சாத்தே குச்சி பாய்மரம் ஆகும். எத்தனை பாய் செய்வது? ஒன்று செய்தால் அது வெறும் கப்பல். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று கழற்றி மாட்டும்படி இரண்டு செய்தால் அது தீசியஸின் கப்பல்.

அடுத்து அதை வைத்து விளையாட வேண்டும். ஒரு பிள்ளை அறையின் ஒரு மூலையில் ஏஜியஸாக உட்காரட்டும். இன்னொரு பிள்ளை கப்பலை நகர்த்தட்டும். போகும் வழி, சண்டை, வெற்றி, நடனம் எல்லாவற்றையும் விறுவிறுப்பாகச் சொல்லுங்கள். பாயை மட்டும் நினைவுபடுத்தாதீர்கள். கப்பல் கறுப்புப் பாயோடு கரைக்கு வந்தால் அப்பாவாக இருக்கும் பிள்ளையிடம், "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். மறதி என்பது என்ன விலை கேட்கும் என்பதை அந்த நொடி சொல்லிவிடும். பிள்ளை மறக்காமல் மாற்றிவிட்டால், "தீசியஸ் மட்டும் ஏன் மறந்தான்?" என்று கேளுங்கள். வெற்றியின் மகிழ்ச்சியில் மறந்தான் என்பது புளூட்டார்க் தரும் விளக்கம். தனக்கு உதவிய அரியாட்னியை வழியில் ஒரு தீவில் கைவிட்டதால் வந்த சாபம் என்பது ரோமக் கவிஞர் கட்டுல்லஸ் சொல்வது. பிள்ளை மூன்றாவது காரணம் ஒன்றைச் சொன்னால் அதையும் கேளுங்கள்.

நூல் எதற்கு?

மினோட்டார் அடைபட்டிருந்த சுழல்வழியையும் பிள்ளைகள் வரையலாம். நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முழங்கை வளைவு. அவற்றுக்கு வெளியே நான்கு புள்ளிகள். கூட்டல் குறியின் உச்சியை அடுத்துள்ள கோட்டு முனையோடு வளைவாக இணைத்து, பிறகு இருபுறமும் மிஞ்சும் முனைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இணைத்துக்கொண்டே போனால் ஏழு சுற்றுப் பாதை கிடைக்கும். கோலம் போடத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் இது இரண்டு நிமிட வேலை. கிரீட் தீவின் நோசஸ் நகரம் தன் பழைய நாணயங்களில் இந்த உருவத்தைப் பொறித்திருக்கிறது.

கோட்டின் மேல் பசை தடவி நூலை ஒட்டுங்கள். காய்ந்தபின் பிள்ளை கண்ணை மூடி விரலால் வழியைத் தொடரட்டும். விரல் நேராக நடுவுக்குப் போய்விடும், ஏனென்றால் இந்தப் பாதையில் கிளையே கிடையாது. அப்போது பிள்ளை கேட்கும்: "ஒரே வழிதான் என்றால் அரியாட்னி கொடுத்த நூல்கண்டு எதற்கு?" மிகச் சரியான கேள்வி. கதையில் வருவது வழி தெரியாமல் திண்டாட வைக்கும் கட்டடம். நாணயத்தில் இருப்பதோ தப்பவே முடியாத ஒற்றை வழி. சொல்லுக்கும் படத்துக்கும் உள்ள இந்த முரண்பாட்டைப் பிள்ளையின் விரல் கண்டுபிடித்துவிட்டது.

இதே இனத்து உருவம் இந்தியாவில் சக்கரவியூகமாக வரையப்படுகிறது. கர்நாடகத்தின் ஹளேபீடு கோயிலில், அபிமன்யு போரிடும் சிற்பத்தில் அதைக் காணலாம். உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்யுவையும், வெளியே வர நூல் கிடைத்த தீசியஸையும் பிள்ளைகள் தாமாகவே ஒப்பிடுவார்கள்.

பெட்டியா, சாடியா?

பண்டோராவின் பெட்டி எல்லோருக்கும் தெரியும். கைவினை வகுப்புகளில் காலணிப் பெட்டிக்கு மினுமினுப்புத் தாள் ஒட்டி அதைச் செய்வார்கள். ஆனால் கி.மு. 700 வாக்கில் இக்கதையைப் பாடிய ஹெசியட் சொன்னது பெட்டி அன்று. தானியமும் எண்ணெயும் சேமிக்கும் 'பித்தோஸ்' என்ற பெரிய மண்சாடி. 16-ஆம் நூற்றாண்டில் அறிஞர் எராஸ்மஸ் இலத்தீனில் எழுதியபோது அது சிறிய பெட்டியைக் குறிக்கும் 'பிக்சிஸ்' என்ற சொல்லாக மாறியது. அந்தப் பெட்டியே உலகம் முழுவதும் பரவிவிட்டது.

ஆகவே களிமண்ணில் சாடி செய்யச் சொல்லுங்கள். முறுக்குப் பிழிவதுபோல் நீளமாக உருட்டி, வட்ட வட்டமாக அடுக்கி, உள்ளும் புறமும் விரலால் தேய்த்து இணைத்தால் போதும். பண்டோராவையே ஹெஃபைஸ்டஸ் மண்ணையும் நீரையும் குழைத்துத்தான் செய்தான் என்பதைச் செய்துகொண்டிருக்கும்போதே சொல்லலாம். சாடி காய்ந்தபின் பிள்ளைகள் தங்களைப் பயமுறுத்தும் விஷயங்களைச் சிறு தாள்களில் எழுதி உள்ளே போடட்டும். பரீட்சை, இருட்டு, அப்பா அம்மா சண்டை என்று எதுவும் வரலாம். பெற்றோர் கேட்டே இராத ஒன்று அங்கே எழுதப்படலாம். அதைச் சபையில் படிக்க வேண்டாம். தனியே உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு தாளில் 'நம்பிக்கை' என்று எழுதி உள்ளேயே விட்டு மூடிவிடுங்கள். தீமைகள் எல்லாம் பறந்தபின் சாடியில் தங்கியது அது ஒன்றுதான். அது நமக்காகப் பத்திரப்படுத்தப்பட்டதா, நமக்கு எட்டாமல் பூட்டப்பட்டதா? அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் இதில் கருத்து சொல்ல உரிமை உண்டு.

மெழுகும் மலைக்குளிரும்

இகாரஸ் கதைக்கு இறகும் மெழுகும் போதும். மெழுகை உருக்கும் வேலையைப் பெரியவர் செய்யட்டும். அட்டையில் மெழுகால் இறகை ஒட்டிவிட்டு, முடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றைத் தூரத்திலும் அருகிலும் காட்டுங்கள். தேன்மெழுகு ஏறத்தாழ 62 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கும்.

கேமரன் மலைக்குப் போய்வந்த பிள்ளை உடனே மடக்கும்: "மேலே போனால் குளிரத்தானே செய்யும்? மெழுகு எப்படி உருகும்?" உண்மைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 பாகை குறையும். சூரியன் வானத்தில் எட்டும் தூரத்தில் இருப்பதாக எண்ணிப் புனைந்த கதை அது என்று விளக்குங்கள். அதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெடலஸ் மகனிடம் உயரே போகாதே என்று மட்டும் சொல்லவில்லை. தாழவும் பறக்காதே, கடல் ஈரம் இறகைக் கனக்க வைக்கும் என்றும் சொன்னான். பல சிறுவர் புத்தகங்கள் இந்த இரண்டாவது எச்சரிக்கையை விட்டுவிடுகின்றன. அதனால் கதை 'பெரியோர் சொல் கேள்' என்ற ஒற்றை நீதியாகச் சுருங்கிவிடுகிறது.

உடைந்த ஜாடி

பெரிய பிள்ளைகளுக்குக் கருஞ்சித்திர ஜாடி ஏற்றது. தடித்த தாளில் ஆரஞ்சு நிற மெழுகுக்கோலை அழுத்திப் பூசி, அதன்மேல் கறுப்பு மெழுகுக்கோலால் உருவத்தை நிரப்பி, கூர்மையான குச்சியால் கண், முடி, ஆடை மடிப்புகளைக் கீற வேண்டும். கீறிய இடத்தில் ஆரஞ்சு தெரியும். ஏதென்ஸ் குயவர்களும் கறுப்பு உருவத்தைக் கூர்முனையால் கீறித்தான் நுணுக்கங்களைக் காட்டினார்கள்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 'ஃபிரான்சுவா ஜாடி' இருக்கிறது. கி.மு. 570 வாக்கில் செய்யப்பட்டது. எர்கோடிமோஸ் வனைந்து, கிளெய்டியாஸ் தீட்டியது. 200-க்கும் அதிகமான உருவங்கள் அதில் உள்ளன. தீசியஸும் இருக்கிறான். 1900-ஆம் ஆண்டு ஓர் ஊழியர் கோபத்தில் எறிந்த முக்காலி பட்டு அது 638 துண்டுகளானது. பொறுமையாக ஒட்டிச் சேர்த்தார்கள். பிள்ளைகள் வரைந்த ஜாடிப் படத்தை இருபது துண்டாக வெட்டி, இன்னொரு குழுவிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டுகளை எடுத்து ஒளித்துவிடுங்கள். பழங்கதைகள் நமக்குக் கிடைத்திருப்பதும் அப்படித்தான், இடைவெளிகளோடு.

பெற்றோர்க்கு மூன்று வார்த்தை

முதலாவது, பிள்ளையின் வேலையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். கோணலான சாடி பரவாயில்லை. அம்மா செய்த நேரான சாடியில் பிள்ளையின் கேள்வி இருக்காது.

இரண்டாவது, சோகத்தை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். ஆறு வயதுக்கு எவ்வளவு, பன்னிரண்டு வயதுக்கு எவ்வளவு என்று அளந்து சொல்லலாம். இகாரஸ் நீந்திக் கரை சேர்ந்தான் என்று மாற்றினால், மகனை இழந்த டெடலஸின் துயரம் கதையிலிருந்தே போய்விடும்.

மூன்றாவது, அந்தத் தெய்வங்களைக் கேலிப் பொருளாக்க வேண்டாம். ஒரு காலத்தில் மக்கள் கோயில் கட்டிக் கும்பிட்ட தெய்வங்கள் அவை. பிறர் வணங்கியதை மதித்துப் பேசப் பழகும் பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரரின் வழிபாட்டையும் மதிக்கும். பல இனம் கூடி வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளை மறுபடியும் கப்பல் செய்யும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு பாய் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். மீதிக் கதையைப் பிள்ளையே சொல்லும்.