மரவட்டை மனிதனுக்குப் பகையா?

(நமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என் பேச்சின் பொருளைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் நகைத்தார். பேசுவதற்கு வேறு விடயம் அகப்படவில்லையா என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆயினும், மாரி தொடங்கியதும் வாய்க்கால் ஓரங்களிலும் வைக்கோற் போரின் அடியிலும் கிடுகுக் கூரைகளிலும் நிரைநிரையாகப் புறப்படும் மரவட்டையை அறியாதவர் தம்பலகாமத்தில் எவருமிலர். அதைக் கண்டால் நாம் செய்வன இரண்டு: நசுக்குவோம், அல்லது மண்ணெண்ணெய் ஊற்றுவோம். அது செய்த குற்றம் யாது என்று விசாரிப்பதில்லை. இன்று அந்த விசாரணையை நடத்துவோம்.

முதலில் ஓர் ஆள்மாறாட்டத்தைத் தீர்க்க வேண்டும். மட்டத்தேள் செய்யும் குற்றத்துக்கு மரவட்டை தண்டனை அனுபவித்து வருகின்றது. பூரான் என்றும் சொல்லப்படும் மட்டத்தேள் தட்டையானது, விரைந்து ஓடுவது, கணுவுக்கு ஒரு சோடிக் கால் உடையது. தலையை அடுத்துள்ள அதன் முதற் காற்சோடி நச்சுக் கொடுக்காக மாறியிருப்பதால் அது கடித்தால் கடுக்கும். மரவட்டையோ உருண்டையானது, மெல்ல ஊர்வது, பெரும்பாலான கணுக்களில் இவ்விரண்டு சோடிக் கால்கள் உடையது. அதற்கு நச்சுப் பல்லும் இல்லை, கொடுக்கும் இல்லை. அது எவரையும் துரத்திச் சென்று தீண்டுவதில்லை. ஆயிரங்கால் என்று நாம் வாய்க்கு வந்தபடி சொன்னாலும், உண்மையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்களுடைய இனம் ஒன்று 2021 ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் ஆழ்ந்த நிலத்துளை ஒன்றிற் கிடைத்த அப்பிராணிக்கு 1,306 கால்கள்!

ஓலைக்கூரைகளிற் குடியேறும் ஒருவகை மரவட்டை இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. கரிய உடலில் சிவந்த வரி உடையது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஃபப்ரீசியஸ் 1775 ஆம் ஆண்டில் அதற்குக் ‘கார்னிபெக்ஸ்’ என்று பெயரிட்டார். நான் படித்த மிஷன் பாடசாலையில் இலத்தீன் அறிந்த குருவானவர் ஒருவர் இருந்தார். அச்சொல்லுக்குப் பொருள் ‘கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவன்’ என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. மக்கிய ஓலையைத் தின்று வாழும் ஏழைக்கு எத்துணைப் பெரிய பட்டம்!

அப்படியாயின் மரவட்டையால் தீங்கே இல்லையா? உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. அதன் உடலின் இரு மருங்கிலும் நுண்ணிய துவாரங்கள் உள்ளன. அச்சமுற்றால் அது சுருண்டு, அவற்றின் வழியே ஒரு திரவத்தைக் கசியவிடும். உருண்டை உடலுடைய பல இனங்களில் அது குவினோன் என்னும் காரமான இரசாயனம். தட்டை முதுகுள்ள சில இனங்களில் ஐதரசன் சயனைட்டும் மிகச் சிறிய அளவில் வெளிப்படும். குவினோன் தோலிற் பட்டால் எரிவு உண்டாகி, அவ்விடம் கபில நிறமாக மாறும். சில வேளை கொப்புளமும் எழும். கறை பல வாரங்கள் நிற்கக்கூடும். ஆனால் காலப்போக்கில் மறையும். கண்ணிற் பட்டாலோ கதை வேறு. கருவிழியே புண்ணாகிவிடலாம்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு நான்கு. முற்றத்தில் சுருண்டு கிடந்த பெரிய மரவட்டை ஒன்றை நான் தடியால் அடித்தேன். வேடிக்கை பார்க்கக் குனிந்த அவளுடைய இடக்கண்ணில் அதன் சாறு தெறித்தது. குழந்தை துடித்தது. அம்மம்மா தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டார்; நந்தியாவட்டைப் பூவை ஒற்றினார். இரண்டு நாட்கள் கழித்தே வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் கேட்டது ஒன்றுதான்: “வீட்டில் கிணறு இல்லையா?” உடனே தண்ணீர் வார்த்துக் கழுவியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது என்றார். கண் தப்பியது, ஆனால் அதிற் பூ விழுந்துவிட்டது. இன்றும் அவள் ஊசியில் நூல் கோக்கும்போது இடக்கண்ணை மூடிக்கொள்வதைக் காண்கின்றேன். அவளுடைய சம்மதத்தைப் பெற்றே இதனை இங்கே சொல்கின்றேன்.

அம்மம்மாவை நான் குறைகூறேன். அன்பினால், தாம் அறிந்ததை அவர் செய்தார். தடி இருந்தது என் கையில். அந்த மரவட்டையோ, தன் வழியே போய்க்கொண்டிருந்த பிராணி.

ஆகவே தாய்மார்களே, இதை மட்டும் மனத்திற் கொள்ளுங்கள். சாறு தோலிற் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணிற் பட்டால் கசக்கவிடாதீர்கள். பாலும் பூவும் தேடி ஓடாதீர்கள். சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது ஓயாது வார்த்துவிட்டு, தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். சிறுவர் அதைப் போத்தலில் அடைத்து விளையாட இடங்கொடாதீர்கள்.

இன்னுமொன்று. வயலுக்கு அடித்து மிஞ்சிய கிருமிநாசினியை மரவட்டைக்கென்று சுவரோரம் விசிறும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தவழும் பிள்ளை கைவைக்கும் சுவர் அது. கடியாத பிராணிக்கு அஞ்சி, கொல்லும் நஞ்சை வீட்டுக்குள் அழைக்கலாமா? சுவரை அண்டிய சருகையும் உக்கிய மரத்தையும் அகற்றி, மாரிக்கு முன் பழைய கிடுகை மாற்றினாற் பெரும்பாலும் போதும். அதன் பின்னும் வருவதைத் தும்புத்தடியாற் கூட்டி வளவின் மூலையிற் கொட்டிவிடலாம்.

அங்கே அதற்கு வேலை இருக்கின்றது. விழுந்த சருகைத் தின்று மண்ணாக்குவதே அதன் தொழில். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, கந்தளாய்க் குளத்து நீரை நம்பி விதைக்கும் நம் கமக்காரர் சேதன உரத்துக்கு எவ்வளவு அலைந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த உரத்தைக் கூலியின்றிச் செய்யும் பிராணிகளுள் ஒன்றை நாம் காலால் நசுக்கிக்கொண்டிருந்தோம். மங்களூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருண்டு திரளும் பெரிய மரவட்டை இனத்தைக்கொண்டு இலைக் கழிவை உரமாக்கிப் பார்த்திருக்கின்றனர்.

விசாரணை முடிந்தது. மரவட்டையிடம் தற்காப்பு உண்டு; பகை இல்லை. முன்வரிசைப் பெரியவர் இப்போது நகைக்கவில்லை. அதுவே எனக்குப் போதும். இன்று இரவு உங்கள் முற்றத்தில் ஒன்றைக் கண்டால், தடியை எடுக்குமுன் என் தங்கச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.