குட்டிக் கண்ணாடிகள் செய்யும் பெரிய வேலை



ஃபைபர் இணைப்பு வராத தெரு இன்று குறைவு. கம்பத்திலிருந்து இறங்கும் கறுப்பு ஒயர் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டிக்குள் போகிறது. அதற்குள்ளே ஒளிதான் ஓடுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஊர் விட்டு ஊர், கடல் தாண்டிக் கடல் என்று போகும் நீண்ட பாதைகளில் அந்த ஒளி என்ன பாடுபடுகிறது என்று நாம் யோசிப்பதில்லை. அந்தப் பாதைகளில் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, மிகுந்ததைக் குறைத்து, வேண்டாததைத் தள்ளிவிடும் வேலையைச் சில இடங்களில் மிகச் சிறிய கண்ணாடிகள் செய்கின்றன. ரசம் பூசிய முகம் பார்க்கும் கண்ணாடியின் இனம்தான். முகம் பார்க்க மட்டும் உதவாது. தலைமுடியின் குறுக்களவை விடச் சிறியவையும் அவற்றில் உண்டு.

முதலில் ஒரு கணக்கு. 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த சார்லஸ் காவோ, கண்ணாடி இழையில் செய்தி அனுப்பலாம் என்று தம் சகா ஹாக்கமுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அன்று கிடைத்த நல்ல கண்ணாடியிலேயே 20 மீட்டர் போவதற்குள் ஒளி நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குற்றம் கண்ணாடியுடையதில்லை, அதில் கலந்திருக்கும் அழுக்குதான் ஒளியைத் தின்கிறது என்றார் காவோ. அவர் சொன்னது சரியாயிற்று. 2009இல் நோபல் பரிசும் வந்தது. இன்றைய இழையில் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைய 100 கிலோமீட்டர் போக வேண்டும். 20 மீட்டர் எங்கே, 100 கிலோமீட்டர் எங்கே!

இருந்தாலும் 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஊர் இருக்கிறதே. எனவே வழியில் ஒளிக்கு வலுவூட்ட வேண்டும். ஆரம்ப காலத்தில் அதற்கு ஒளியை மின்சாரமாக மாற்றி, அதில் உள்ள செய்தியைப் படித்து, மறுபடி புது ஒளியாக எழுதி அனுப்பினார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கருவி. நாற்பது நிறம் அனுப்பினால் நாற்பது கருவி. 1987இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினரும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இம்மானுவேல் டெசர்வியரும் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். எர்பியம் என்ற தனிமத்தைச் சிறிதளவு கலந்த இழைக்குள் வேறொரு லேசரால் சக்தி ஏற்றினால், அதன் வழியே போகும் செய்தி ஒளி தானாகப் பெருகுகிறது. மின்சாரமாக மாற்ற வேண்டாம்; படிக்கவும் வேண்டாம். எத்தனை நிறம் வந்தாலும் மொத்தமாகப் பெருக்கிவிடும்.

நிறம் என்று சொல்வது ஒரு வழக்கம்தான். இவை 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நாற்பது, எண்பது என்று நிறங்களை நெருக்கி அடுக்குகிறார்கள். நாற்பது என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.8 நானோமீட்டர்தான் வித்தியாசம்.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லிவிட்டுப் போகிறேன். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவை வைத்தும் இன்று இழைக்குள் ஒளியைப் பெருக்குகிறார்கள். ‘ராமன் ஆம்ப்ளிஃபயர்’ என்றே அதற்குப் பெயர்.

எர்பியத்துக்கு ஒரு குணக்கேடு உண்டு. எல்லா நிறத்தையும் அது சமமாக நடத்தாது. 1530க்கு அருகில் உள்ளதைக் கூடுதலாகத் தூக்கிவிடும். 1540 பக்கம் இருப்பதைக் கொஞ்சம் கைவிட்டுவிடும். ஒரு ஆம்ப்ளிஃபயரில் இந்த ஓரவஞ்சனை சிறிது. இரண்டு நிறங்களுக்கிடையே ஒரு டெசிபெல், அதாவது நூற்றுக்கு இருபத்தாறு பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் இதேபோல் பத்து ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அது பத்து மடங்காகிவிடும். ஒரு நிறம் கத்துகிறது, இன்னொன்று முனகுகிறது. முனகும் நிறத்தில் போன செய்தி இரைச்சலில் கரைந்துபோகும்.

நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த அறைக்கு அடுத்த அறையில் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன இழுப்பான்கள் இருக்கின்றன. குரலில் கட்டை ஒலி கூடினால் ஒன்றைக் கீழே இழுப்பார், கீச்சென்றால் இன்னொன்றை. ஃபைபர் பாதைக்கும் இப்படி நிறத்துக்கு ஒரு இழுப்பான் வேண்டியிருந்தது. கூடிய நிறத்தைக் குறைத்துச் சமனாக்கும் வடிகட்டி.

ஒரு தடவை அளந்து, அதற்கேற்ற நிலையான வடிகட்டியைப் போட்டுவிட்டால் போதாதா? போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். ஆனால் பாதை ஒரே மாதிரி இருப்பதில்லை. எங்கோ சாலை தோண்டும் ஜேசிபி கிளைக் கேபிள் ஒன்றை அறுத்துவிட்டால், நாற்பது நிறத்தில் இருபது சட்டென்று காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் சக்தியைப் பங்குபோட ஆள் குறைந்ததால், மிஞ்சிய நிறங்கள் மேல் அது வேறு மாதிரிக் கொட்டும். நிலையான வடிகட்டியின் கணக்கு அங்கே தப்பிவிடும். அசையும் வடிகட்டி வேண்டும் என்ற தேவை வந்தது இப்படித்தான்.

இனி கண்ணாடிக்கு வருவோம். ஃபைபரிலிருந்து வெளியே வரும் ஒளி முதலில் ஒரு கீற்றணியில் விழும். நுண்ணிய கோடுகளை நெருக்கமாகக் கிழித்த தகடு அது. ஒளியை நிறம் நிறமாக விரித்துவிடும். விரிந்த நிறங்கள் ஒரு லென்ஸ் வழியே போய், சிலிக்கான் சில்லின் மேல் வரிசையாக நிற்கும் கண்ணாடிகளில் ஆளுக்கொன்றாக விழும். கண்ணாடி நேராக நின்றால், அந்த நிறம் வந்த வழியே திரும்பி, கீற்றணியில் மற்ற நிறங்களோடு மறுபடி சேர்ந்து ஃபைபருக்குள் நுழைந்துவிடும். போகும் ஒளியும் திரும்பும் ஒளியும் கலக்காமல் பிரித்துவிட வாசலில் தனியாக ஒரு சிறு உறுப்பு உண்டு.

கண்ணாடி கொஞ்சம் சாய்ந்தால்? ஃபைபரின் நடுவே ஒளி போகும் பாதையின் அகலம் வெறும் 9 மைக்ரான். கண்ணாடி ஒரு டிகிரியில் சிறு பங்கு சாய்ந்தாலும் திரும்பி வரும் ஒளி அந்த வாசலுக்குச் சற்று விலகி விழும். ஒரு பகுதி உள்ளே போகும், மீதி வெளியே சிந்திவிடும். நிறத்தின் வலு குறைந்துவிட்டது. இன்னும் சாய்த்தால் அந்த நிறம் மொத்தமாக அடைபடும். வேறு கோணத்தில் சாய்த்தால் பக்கத்தில் உள்ள இன்னொரு ஃபைபரில் போய் விழும். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் நாற்பது நிறங்களில் மூன்றை மட்டும் திருச்சியில் இறக்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கண்ணாடிகளைத் திருப்பினால் வேலை முடிந்தது.

சாய்ப்பதும் எளிதுதான். கண்ணாடிக்கு அடியில் ஒரு மின்தகடு இருக்கிறது. அதற்கு வோல்டேஜ் கொடுத்தால் கண்ணாடியின் ஒரு விளிம்பு கீழே இழுபடும். கண்ணாடியைத் தாங்கும் மெல்லிய பட்டை முறுக்கிக்கொள்ளும். வோல்டேஜை எடுத்தால் பட்டை தானே நேராகிவிடும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அதே நிலைமின் விசைதான். நம் அளவில் அந்த விசைக்குக் காகிதத் துணுக்குக்கு மேல் தூக்கத் திராணியில்லை. ஆனால் இடைவெளி சில மைக்ரானாகச் சுருங்கும்போது அது கண்ணாடியை வளைத்து இழுக்கும் பலம் பெற்றுவிடுகிறது. மோட்டார் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. மின்சாரச் செலவும் இல்லை என்றே சொல்லலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு இரவல் உத்தி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987இல் ஒரு சில்லைக் கண்டுபிடித்தார். அதன் மேல், பக்கத்துக்கு 16 மைக்ரான் உள்ள அலுமினியக் கண்ணாடிகள் லட்சக்கணக்கில். ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று இரண்டே நிலையில் நிற்கும். ப்ரொஜெக்டருக்காக வந்த சில்லு அது. சினிமாக் கொட்டகைகள் டிஜிட்டலுக்கு மாறியதில் அதற்குப் பெரும் பங்கு இருந்ததால், 2015இல் ஹார்ன்பெக்குக்கு ஆஸ்கர் சிலையே கிடைத்தது. இந்தச் சினிமாச் சில்லை 1990களின் கடைசியில் ஃபைபருக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் நபீல் ரிஸா. ஒரு நிறத்துக்கு ஒரு கண்ணாடி என்பதை விட்டுவிட்டு, ஒரு நிறம் ஒரு கூட்டம் கண்ணாடிகள் மேல் விழும்படி வைத்தார். வலுவைக் குறைக்க வேண்டுமா? கூட்டத்தில் சிலவற்றை மட்டும் திருப்பினால் போதும். கோணத்தை நுட்பமாகப் பிடித்து நிறுத்தும் தொல்லை இல்லை, எண்ணிக்கைதான் கணக்கு. இரண்டு மூன்று கண்ணாடிகள் பழுதாகி அசையாமல் நின்றாலும் வடிகட்டியின் வேலையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ப்ரொஜெக்டரில் அப்படி நின்றுபோன கண்ணாடி திரையில் வெள்ளைப் புள்ளியாக நிரந்தரமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய ப்ரொஜெக்டர் வைத்திருக்கும் பள்ளிகளில் அந்தப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள்.

சாய்க்காமலேயே வடிகட்டும் வகையும் உண்டு. ஒளியைக் கொஞ்சமாகக் கசியவிடும் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்துவது. பிரான்சில் ஃபாப்ரி, பெரோ என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்து காட்டியது இது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் அரை அலைநீளம் முழு எண்ணிக்கையில் அடங்குகிற நிறம் மட்டும் உள்ளே புகுந்து வெளியேறும், மற்றவை திரும்பிவிடும். இடைவெளி ஏழே முக்கால் மைக்ரான் என்றால், பத்து அரை அலைகள் அதில் அடங்கும். ஒரு நிறத்தை விட்டு அடுத்த நிறத்துக்குப் போக ஒரு கண்ணாடியை 4 நானோமீட்டர் நகர்த்தினால் போதும். சுமார் இருபது அணுக்களை அடுக்கினால் வரும் உயரம் அது. பாதையில் எந்தெந்த நிறம் எவ்வளவு வலுவோடு போகிறது என்று ஒவ்வொன்றாக வேவு பார்க்க இந்த வகை நன்றாக உதவுகிறது.

தொலைத்தொடர்புக்காரர்களுக்கு அசையும் உறுப்பு என்றாலே ஆகாது. கருவி இருபது ஆண்டு கெடாமல் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் அவர்கள். கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிந்துவிடுகிறதே, கண்ணாடியின் கீல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்கள். ஆனால் தூய சிலிக்கான் படிகம் உலோகம் போல வளைந்து வளைந்து களைப்பதில்லை. ஹார்ன்பெக்கின் அலுமினியக் கீல்களைக்கூட லட்சம் கோடி தடவைக்கு மேல் ஆட்டிப் பார்த்தார்கள்; தாங்கின. நிஜமான தலைவலி வேறு இடத்தில் இருந்தது. இவ்வளவு சிறிய பரப்புகள் ஒன்றையொன்று தொட்டால், அதுவும் ஈரம் இருந்தால், ஒட்டிக்கொண்டு பிரியாது. அதனால்தான் இந்தச் சில்லுகளைக் காற்றுப் புகாமல் அடைத்தே விற்கிறார்கள்.

காசு விஷயத்தில் இந்தக் கண்ணாடிகள் ஒரு பெரிய ஆட்டம் பார்த்தன. 1999 நவம்பரில் லூசென்ட் நிறுவனம், 256 ஃபைபர்களை 256 ஃபைபர்களோடு கண்ணாடியாலேயே மாற்றி மாற்றி இணைக்கும் பெட்டியை அறிவித்தது. அடுத்த ஆண்டு நார்டெல் நிறுவனம் இதே தொழிலில் இருந்த ஒரு சிறு நிறுவனத்தை 325 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கியது. அடுத்து வந்த தொலைத்தொடர்புச் சந்தைச் சரிவில் லூசென்ட் அந்தப் பெட்டியைக் கைவிட்டது. நார்டெல் 2009இல் திவால் மனுவே கொடுத்தது. குற்றம் கண்ணாடி மேல் இல்லை என்பது என் கட்சி. அத்தனை பாதைகளை மாற்ற வேண்டிய அளவுக்கு அன்று போக்குவரத்தே வரவில்லை. நிறங்களைப் பிரித்தனுப்பும் பெட்டிகளில் திரவப் படிகச் சில்லுகள் இன்று முந்திவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். நிறங்களின் அகலத்தை இஷ்டப்படி மாற்றிக்கொள்ள அவை தோதாக இருக்கின்றன.

ஆனால் கண்ணாடி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. கூகுள் தன் தரவு மையங்களுக்காக 136 ஃபைபர்களை 136 ஃபைபர்களோடு இணைக்கும் கண்ணாடிப் பெட்டிகளைத் தானே செய்துகொண்டதை 2022இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது விவரித்த செயற்கை நுண்ணறிவுக் கணினி ஒன்றில் 4,096 சில்லுகளை ஒன்றோடொன்று இணைப்பது இப்படிப்பட்ட 48 பெட்டிகள்தான். இதற்குக் காரணம் எளிது. கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. நொடிக்கு 40 கிகாபிட் வந்தாலும் 800 கிகாபிட் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் இரண்டு முனையிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும். நடுவில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி அப்படியே இருக்கலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியிலோ கல்லூரியிலோ காயலான் கடைக்குப் போகக் காத்திருக்கும், ஹார்ன்பெக்கின் சில்லு உள்ள டிஎல்பி ப்ரொஜெக்டர் இருந்தால், போடுவதற்கு முன் விவரம் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு அதன் சில்லைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் எதுவும் கொடுக்க வேண்டாம். அதன் மேல் ஒரு சிறிய லேசர் பாயின்ட்டரை அடியுங்கள். திரும்பும் ஒளி யார் கண்ணிலும் படாதபடி சுவர்ப் பக்கமாக இருக்கட்டும். சுவரில் ஒற்றைப் புள்ளி விழாது, குறுக்கும் நெடுக்குமாக வரிசை வரிசையாகப் புள்ளிகள் விழும். சில்லின் மேல் கண்ணாடிகள் வரிசையாக நிற்பதால்தான் ஒளி அப்படிப் பிரிகிறது. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், சில்லிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தையும் அளந்தால், பிளஸ் டூ இயற்பியல் பாடத்தில் வரும் கீற்றணிச் சமன்பாட்டை வைத்தே கண்ணாடிக்குக் கண்ணாடி உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டுவிடலாம். செய்து பாருங்கள்.